மாப்பிள்ளை எழுந்திருக்கக் கூடாது

புத்தூர் மருத்துவமனையில் அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்: கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த என் மாப்பிள்ளை ஜெய்சங்கர், அவர் தலைமாட்டில் என் பெண் மாலினி, ஜன்னலோரம் ஸ்டூலில் மாப்பிள்ளையின் தாயார் சித்ராதேவி அம்மாள், அவருக்குப் பக்கத்தில் என் மனைவி வேதவதி, ஆபரேஷன் செய்த டாக்டர் ரேஷ்மா, கதவருகே நின்றுகொண்டிருந்த நான், சௌரிராஜன். வேறு யாரும் இல்லை. என் ஒன்றுவிட்ட தம்பியும் அடுத்த வீட்டுக்காரனுமான ஹயக்ரீவன் இல்லை. தானே நேரில் கேட்டதுபோல அவன் எங்கள் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் என்ன சொல்லியிருந்தாலும், அவன் அன்று அங்கே இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு வந்தது உயிருக்கு ஆபத்தான நோய் அல்ல. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் சிலருக்கு, முதுகெலும்பு முடிகிற இடத்தில் தோலுக்கடியில் முடி சிக்கிச் சீழ் கட்டுமாம். அதை வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டிய இடத்தைத் தைக்கவில்லை, வேண்டுமென்றேதான் தைக்கவில்லை. உள்ளே காஸ் துணியை வைத்துத் தினமும் மாற்றிக்கொண்டே வந்தால் அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரும். இதற்கு மேல் விவரம் வேண்டுகிறவர்கள் ஒரு டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம். வீதியில் என்னிடம் "எங்கேண்ணா ஆபரேஷன்?" என்று ஹயக்ரீவன் கேட்டபோது, "புத்தூர்ல" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

"நான் செஞ்சது கால்வாசிதான்," என்றார் டாக்டர். "மீதி முக்கால்வாசி வீட்டுலதான் இருக்கு. நர்ஸ் ஒருத்தர் தினம் வந்து டிரஸ்ஸிங் பண்ணணும். இவர் உட்காரக் கூடாது. குப்புறப் படுத்துக்கணும். எழுந்தா மெதுவா எழுந்திருக்கணும், சட்டுனு எழவே கூடாது, குனியக் கூடாது. ஓரம் கிழிஞ்சுக்கிட்டே இருந்தா ஆறாது. மறுபடி தியேட்டருக்குத்தான் வரணும். அப்புறம் சாப்பாட்டுல புரோட்டீன் வேணும். தினம் ரெண்டு முட்டை குடுங்க."

முட்டை என்றதும் அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"பச்சைப்பயறு, பனீர், கொண்டைக்கடலை, இதெல்லாம் போதாதா டாக்டர்?" என்று கேட்டாள் வேதவதி.

"போதும்மா. நிறைய குடுங்க."

சித்ராதேவி அம்மாள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு என்று எனக்குத் தெரியும். கவனிக்காததுபோல இருந்தேன்.

அடுத்த கேள்வி, எங்கே தங்குவது என்பது. கைலாசபுரத்தில் அவர்களுடைய கம்பெனி குவார்ட்டர்ஸ் மாடியில் இருக்கிறது. படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து டிரஸ்ஸிங் செய்கிற நர்சுகள் சிலரை மாலினி போனில் விசாரித்திருந்தாள். ஒருத்தி புத்தூரைத் தாண்டி வரமாட்டேன் என்றாள். ஒருத்தி இரவுப் பணிக்குப் போகிறவள். திருவானைக்கோவிலில் இருக்கும் பிரான்சி என்ற பெண் மட்டும், ஸ்ரீரங்கம் என்றால் தினமும் காலையில் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு உங்களுக்குச் சிரமம் சம்பந்தி," என்றார் சித்ராதேவி அம்மாள். "ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ரூம் விடறாங்க. வெளியூர் பேஷன்ட்டுங்க தங்கறதுதான். நானும் அவனும் அங்க இருந்துக்கிறோம்."

"ஸ்ரீரங்கத்துல எங்களுக்கு ஒரு ஆம் இருக்கறச்சே மாப்பிள்ளை வாடகை ரூம்ல படுத்துண்டு இருக்கறதாவது," என்றேன். "நேரா நம்மாத்துக்கு வரட்டும். காயம் ஆறி எழுந்து நடக்கறவரைக்கும் என் பொறுப்பு."

"ஓ! வீட்டோட மாப்பிள்ளையா வச்சுக்கப் பாக்குறீங்களா?" என்று அவர் சிரித்தார். "கல்யாணத்தன்னிக்கு எங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. இப்ப புள்ளையவே கேக்குறீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைகூடத் தலையணைக்குள் சிரித்தார். அது வேடிக்கைப் பேச்சு. அன்று அது அப்படித்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது.

அந்தக் கல்யாணத்தைப் பற்றியும் இரண்டு வரி எழுத வேண்டும். மாலினியும் அவரும் ஒன்றாகப் படித்தவர்கள். அவர்கள் வேறு, நாங்கள் வேறு. யோசித்தேன், சம்மதித்தேன். சம்மதித்த பிறகு, மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டிய மரியாதையில் ஒரு குன்றிமணி அளவு குறையவிட்டதில்லை. வீதி பார்க்கிறது என்பதற்காக அல்ல. எங்கள் வீட்டில் அப்படித்தான். அவரும் அதற்குச் சளைத்தவர் இல்லை. நான் உட்காரச் சொன்ன பிறகே உட்காருவார். நான் எழுந்தால் எழுந்துவிடுவார். "சௌகரியமா மாப்பிள்ளை?" "சௌகரியம் மாமா." எங்களுக்குள் இத்தனை வருஷத்துப் பேச்சு அவ்வளவுதான். அதுவே போதும் என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் கூடத்தை ஒட்டிய அறையை அவருக்காக ஒழித்தோம். கட்டிலை எப்படிப் போடுவது என்பதில் நானும் வேதவதியும் கொஞ்ச நேரம் நின்று யோசித்தோம். வடக்கே தலை வைக்கக் கூடாது. கிழக்கே தலை வைத்தால் கால் பூஜை அறையை, எங்கள் பெருமாள் உள்ளை, நோக்கி நீளும். மேற்கே சுவரில் அலமாரி. ஆகவே தெற்கே தலை. தெற்கில் கூடத்துக் கதவு. குப்புறப் படுத்திருப்பவர் தலையை நிமிர்த்தினால் கூடத்திலிருந்து யார் வந்தாலும் தெரியும். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன்.

பிரான்சி காலையில் ஸ்கூட்டரில் வந்துவிடுவாள். கையைக் கழுவி, உறை போட்டு, பழைய துணியை எடுத்து, சலைனால் கழுவிப் புதியதை வைத்துக் கட்டிவிட்டுப் போவாள். மூடி போட்ட வாளி ஒன்று அதற்காகவே வாங்கி வைத்திருந்தேன். வேதவதி மடி பார்ப்பவள். ஆனாலும் டிரஸ்ஸிங் முடிந்ததும் வேலைக்காரியை விடாமல் அந்த அறையைத் தானே துடைத்தாள். பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் குளித்தாள்.

நான் செய்தது விசாரித்ததுதான். காலையில் திருமண் இட்டுக்கொண்டு வந்ததும் ஒருமுறை போவேன். பேப்பர் படித்தவுடன் ஒருமுறை. அவர் சாப்பிட்டாரா என்று பார்க்க ஒருமுறை. தூங்கி எழுந்தாரா, மின்விசிறி போதுமா என்று பார்க்கவும் போவேன். வீட்டுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளையை, அதுவும் புண்ணோடு படுத்திருப்பவரை, மாமனார் எட்டிப் பார்க்காமல் இருந்தால் அது என்ன வீடு? திடீரென்று நுழையக் கூடாது என்று கூடத்திலேயே தொண்டையைச் செருமிக்கொள்வேன். அவர் எழுந்து நிற்பார்.

"படுத்துக்கோங்கோ மாப்பிள்ளை, படுத்துக்கோங்கோ."

"பரவாயில்லைங்க மாமா."

நான் வெளியே வரும்வரை நின்றுகொண்டுதான் இருப்பார். எனக்குப் பெருமையாக இருந்தது. "இப்பேர்ப்பட்ட வலியிலயும் என்னைக் கண்டா எழுந்து நிக்கறார்டா," என்று ஹயக்ரீவனிடம்கூடச் சொன்னேன்.

சில நாளில் பிரான்சியின் முகம் மாறியது. "ஐயா, ஓரத்துல ரத்தம் கசியுது. உள்ள வச்ச காஸ் நகர்ந்து வெளிய வந்துடுது. நேத்தும் இப்படித்தான் இருந்துச்சு. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க."

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாலினி கொல்லையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சித்ராதேவி அம்மாள் போனில், "முட்டை குடுத்திருந்தா இந்நேரம் ஆறியிருக்குமோ என்னமோ சம்பந்தி அம்மா," என்று வேதவதியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. மறுநாள் வேதவதி பயறை இரண்டு மடங்காக வேகவைத்தாள்.

என் பொறுப்பு என்று சொல்லி அழைத்துவந்தவன் நான். மறுபடியும் கத்தி வைத்தால் அது என் வீட்டில் ஏற்பட்ட குறை. அதுகூட இருக்கட்டும். முதல் ஆபரேஷன் முடிந்த அன்று அந்தப் பிள்ளை தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்தவன் நான். இன்னொரு முறை அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

காரின் பின் இருக்கையில் அவரைக் குப்புறப் படுக்கவைத்துப் புத்தூருக்கு அழைத்துப் போனோம். சித்ராதேவி அம்மாள் கைலாசபுரத்திலிருந்து நேராக வந்திருந்தார். டாக்டர் அறையில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு உள்ளே டாக்டரும் மாப்பிள்ளையும் மாலினியும். வெளியே நாங்கள் மூவரும்.

"படி ஏறினீங்களா?" டாக்டரின் குரல்.

"இல்லைங்க டாக்டர்."

"உட்கார்ந்தீங்களா?"

"இல்லைங்க."

"சட்டுனு எழுந்திருச்சீங்களா?"

பதில் கொஞ்சம் தாமதித்தது. "இல்லைங்க."

"ஏதோ ஒண்ணு நடக்குது. ஓரம் தினம் புதுசா கிழியுது. வீட்டுல சரியா பாத்துக்கறாங்களா?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் வேறு யார் சொல்வது? எழுந்தேன். வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, திரையை ஒரு கையகலம் விலக்கி, "டாக்டர், எங்காத்துல மாப்பிள்ளைக்கு ஒரு குறையும்..." என்று ஆரம்பித்தேன்.

முடிக்கவில்லை. மேஜைமேல் குப்புறக் கிடந்தவர் ஒரே துள்ளலில் கீழே இறங்கிப் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

டாக்டர் கையில் காஸ் துணியோடு அப்படியே நின்றார். "என்ன பண்றீங்க! இப்ப எதுக்கு எழுந்தீங்க?"

"மாமா வந்தாங்க டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சார், வீட்டுல நீங்க இவர் ரூமுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவீங்க?"

"விசாரிக்க வேண்டாமா? மாப்பிள்ளையாச்சே."

"ஒவ்வொரு தடவையும் இவர் இப்படித்தான் எழுந்திருப்பாரா?"

திரையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மாலினிதான், "ஐயோ அப்பா!" என்றாள். வேதவதி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். சித்ராதேவி அம்மாள் இந்த முறை வாயை மூடிக்கொள்ளவில்லை. அந்த அறை அதிரச் சிரித்தார்.

"மரியாதை குடுத்தே என் புள்ளை முதுகைக் கிழிச்சுட்டீங்களே சம்பந்தி! நான் பாவம், முட்டை மேல பழியைப் போட்டேன்."

"எங்காத்துல மரியாதையால யாருக்கும் கெடுதல் வந்ததில்லை," என்றேன். சொல்லும்போதே அது அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்தது. சிரிப்பு இன்னும் அதிகமானது.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "சார், இன்னும் ஒரு வாரம் இதே மாதிரி போச்சுன்னா நான் மறுபடி வெட்டணும். அவ்வளவுதான் சொல்வேன்."

நான் திரைக்கு வெளியிலிருந்தே கண்டிப்பாகச் சொன்னேன். "மாப்பிள்ளை, இது என் வார்த்தை. இனிமே எனக்காக நீங்க எழுந்திருக்கக் கூடாது."

"சரிங்க மாமா," என்றார். முழங்கையை ஊன்றி எழுந்துகொண்டே சொன்னார் என்று மாலினி பிறகு சொன்னாள்.

"அவங்கப்பா இருந்தப்பவும் இப்படித்தான்," என்றார் சித்ராதேவி அம்மாள். "ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப அவர் சைக்கிள் மணி தெருமுனையில கேட்டாலே எந்திரிச்சிருவான். அது அவன் சொல்பேச்சு கேக்காது சம்பந்தி. முதுகுத்தண்டுல இருக்கு. டாக்டரம்மா அதை விட்டுட்டு வேற எதையோ வெட்டியிருக்காங்க."

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு முடிவு எடுத்தேன். அவர் எழுந்திருப்பதை நிறுத்த முடியாதென்றால், நான் போவதை நிறுத்த முடியும். அந்த அறைக்குள் இனி நுழைவதில்லை.

அதுவும் அத்தனை சுலபமாக இல்லை. மறுநாள் காலை கூடத்தில் பேப்பரைப் பிரிக்கும்போது பழக்கத்தில் தொண்டையைச் செருமிவிட்டேன். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. வேதவதி தளிகை உள்ளிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஏன்னா! செருமாதேங்கோன்னா!"

அதையும் விட்டேன். அறுபது வருஷத்துப் பழக்கம். வாயில் கற்கண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் விசாரிக்காமல் எப்படி இருப்பது? மாலினியைக் கேட்கச் சொன்னேன். அவள் இரண்டு முறை உள்ளே போய் வந்தாள். மூன்றாவது முறை, "சௌகரியமாம்ப்பா, சௌகரியமாம், சௌகரியமாம்!" என்று என் போனை எடுத்து எண்ணை அழுத்தி என் கையில் திணித்தாள். "நீங்களே கேட்டுக்கோங்கோ."

அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

"சொல்லுங்க மாமா."

கட்டில் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "படுத்துண்டுதானே இருக்கேள்?"

"படுத்துக்கிட்டுதான் இருக்கேன் மாமா. போன்ல எழுந்திருக்கத் தோணலை."

"சௌகரியமா?"

"சௌகரியம் மாமா." வழக்கமாக இத்துடன் முடிந்துவிடும். ஆனால் போனை வைப்பது யார் என்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவர், "மாமா, காவேரியில தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டார்.

"வந்துடுத்து. கார்த்தால அம்மா மண்டபத்துக்குப் போயிருந்தேன். கீழ்ப்படியெல்லாம் முழுகிப் போச்சு."

"அப்ப முக்கொம்பு அணையில ஷட்டர் திறந்திருப்பாங்க. அந்தச் சத்தத்தைப் பக்கத்துல நின்னு கேக்கணும் மாமா. அப்பா வருஷா வருஷம் என்னைக் கூட்டிட்டுப் போவார்."

"நான் அங்க போயே ரொம்ப வருஷம் ஆச்சு."

"எழுந்ததும் போலாம் மாமா. நான் உட்கார்ந்து வண்டி ஓட்ட முடிஞ்சதும் முதல் சவாரி அதுதான்."

அதன் பிறகு தினமும் பேசினோம். மனிதர் நன்றாகப் பேசுவார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "கல்யாணத்தன்னிக்கு நீங்க என்னைப் பாத்த பார்வையில எனக்கு ஜுரமே வந்துருச்சு மாமா," என்று ஒருநாள் சொன்னார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வேதவதி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவர் சிரிப்பு கதவு வழியாக முதலில் வரும். போன் வழியாகக் கொஞ்சம் கழித்து வரும்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் ஹயக்ரீவன் உள்ளே வந்தான். நான் போனை வைக்கும்வரை நின்றான்.

"யாரோடண்ணா பேசிண்டிருந்தேள்?"

"மாப்பிள்ளையோட."

"மாப்பிள்ளை உள்ளதானே படுத்துண்டிருக்கார்?"

"ஆமாம்."

"பின்னே என்னத்துக்குப் போன்?"

"அந்த ரூமுக்குள்ள நான் போறதில்லை," என்றேன்.

"ஓஹோ," என்றான். காரணம் சொல்லியிருந்தால் புண் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் பிரான்சி கையுறையைக் கழற்றிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். "ஐயா, காஸ் வச்ச இடத்துலயே இருக்கு. ரத்தம் இல்லை. அடியில செக்கச்செவேல்னு புதுச் சதை வந்திருக்கு."

வேதவதி பெருமாள் உள்ளுக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. மாலினி அன்றைக்கு மூன்று தோசை சாப்பிட்டாள். நான் கற்கண்டு டப்பாவைப் பிரான்சியிடம் நீட்டினேன். "எனக்கெதுக்குங்கய்யா?" என்று சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

மறுபடியும் டாக்டரிடம் போனபோது நான் அவர் அறைப் பக்கமே போகவில்லை. தாழ்வாரத்தின் கோடியில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில், தூணை ஒட்டி நின்றிருந்தேன். சித்ராதேவி அம்மாள்தான் தேடிக்கொண்டு வந்தார்.

"இங்க ஒளிஞ்சு நிக்கிறீங்களா சம்பந்தி? வாங்க, வந்து உக்காருங்க. ஆபரேஷன் கிடையாது. இனிமே ஆழமில்லை, தானா மூடிடும்னு சொல்லிட்டாங்க. மெதுவா படி ஏறலாமாம்."

பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் கால் எவ்வளவு வலித்தது என்று தெரிந்தது.

"முட்டை இல்லாமயே ஆத்திட்டீங்க," என்றார் அவர். "நானே ஒத்துக்கிறேன்."

"பயறு பண்ணினது வேதவதி. அவளண்ட சொல்லுங்கோ," என்றேன்.

மாப்பிள்ளை கைலாசபுரத்துக்குக் கிளம்புகிற நாள் வந்தது. பிரான்சி அங்கே இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாள். எல்லாம் சரி. ஒன்றுதான் பாக்கி. எங்கள் வீட்டுக்கு வந்தவர் கிளம்பும்போது பெரியவர்களைச் சேவிக்காமல் போவதில்லை. மாப்பிள்ளைக்கு அது யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் குனிவதற்கு டாக்டர் இன்னும் உத்தரவு கொடுக்கவில்லை.

"வேண்டாம்னு சொல்லிப் பாருங்கோளேன்," என்றாள் வேதவதி.

"நான் சொன்னா சரிங்க மாமான்னு சொல்லிண்டே விழுவார்."

ஆகவே நான் தளிகை உள்ளுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வாசலில் கார் வந்து நின்றது. போன் அடித்தது.

"மாமா, எங்க இருக்கீங்க? கிளம்புறோம்."

"தெரியும். நின்னபடியே கேளுங்கோ. தீர்க்காயுசா, ஆரோக்கியமா இருக்கணும். க்ஷேமமா போயிட்டு வாங்கோ."

"உங்களைச் சேவிக்கணும் மாமா."

"அது முக்கொம்புல. காயம் ஆறட்டும், வண்டியைக் கொண்டு வாங்கோ."

"கண்டிப்பா மாமா." கொஞ்சம் நிறுத்தி, "மாமா, நீங்களும் இப்ப நின்னுக்கிட்டுதானே இருக்கீங்க?" என்றார்.

நின்றுகொண்டுதான் இருந்தேன்.

கார் போகும் சத்தம் ஜன்னல் வழியே தேய்ந்தது. அதற்குப் பிறகு தாழ்ப்பாளைத் திறந்து, கூடத்துக்கு வந்து, ஆசைதீரத் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அடுத்த வீட்டு வாசலில் ஹயக்ரீவன் நின்றுகொண்டிருந்தான். கார் போன திசையையும் எங்கள் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீதியில் இப்போது சொல்லப்படுவது இது: மாப்பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்ள நான் பார்த்தேன், அதில் டாக்டர் எதிரிலேயே சம்பந்திகளுக்குள் சண்டை வந்தது, அதன் பிறகு நான் மாப்பிள்ளை முகத்தில் விழிக்கவில்லை, கிளம்பும்போது வழியனுப்பவும் வாசலுக்கு வரவில்லை.

வாசலுக்கு வரவில்லை என்பது உண்மை. வந்திருந்தால் அவர் குனிந்திருப்பார், குனிந்திருந்தால் புண் பிரிந்திருக்கும். சண்டை எதுவும் நடக்கவில்லை.